சண்டைக்கு முன்னாடியே முடிஞ்சு போன ஒரு டயரி

ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் கடைசியில் நகைக்கடையிலோ ஜவுளிக்கடையிலோ ஒரு டயரி கொடுப்பார்கள். ஜனவரி 1-ஆம் தேதி பக்கத்தில் அழகாகப் பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிப்பேன். பொங்கல் வரைக்கும்கூட ஓடாது. அதுக்கப்புறம் அது கேஸ் சிலிண்டர் வந்த தேதி, பால் கணக்கு, யாரோ சொன்ன போன் நம்பர் என்று வேறு பிழைப்பு பார்க்கப் போய்விடும். உங்க வீட்டிலும் இப்படி நாலஞ்சு டயரி பரண்மேல் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதனாலேயோ என்னவோ, விடாமல் டயரி எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு பிரமிப்பு உண்டு. அதுவும் நாள் பூரா மூட்டை சுமந்து நடந்துவிட்டு, கிடைத்த இடத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறக்கிற பத்தொன்பது வயசுச் சிப்பாய் என்றால் கேட்கவே வேண்டாம். அப்படி ஒருத்தனைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

அவன் பேர் நுயென் வான் தாக். வியட்நாம்காரன். வியட்நாமில் அதிகம் பேர் படித்த போர்க்கால டயரிகளில் அவனுடையதும் ஒன்று. ஆனால் அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அவன் எந்தச் சண்டையில் செத்தானோ, அந்தச் சண்டையைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. ஏன்? அதுதான் விஷயமே.

*

தாக் பிறந்தது 1952 அக்டோபர் 14, ஹனோயில். நெசவுத் தொழில் செய்த குடும்பம். பிள்ளைகள் நிறைய. பையன் படிப்பில் கெட்டி. அப்போ வட வியட்நாமில் பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அந்தக் கடைசி வருஷத்தில், 1969-70-ல், வட வியட்நாம் முழுக்க மாணவர்களுக்கு நடந்த இலக்கியப் போட்டியில் இவனுக்கு முதல் பரிசு. இலக்கியத்தில் முதல் பரிசு வாங்கினவன் கல்லூரியில் என்ன படிக்கப் போனான் தெரியுமா? கணிதமும் இயந்திரவியலும்! ஹனோய் பல்கலைக்கழகத்தில். நம்மூரில் கவிதை எழுதுகிற பையனை இஞ்சினியரிங் சேர்த்துவிடுகிற கதை ஞாபகம் வருதா? :-)

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் தோற்று வெளியேறியபோது, ஜெனீவா ஒப்பந்தப்படி வியட்நாம் 17-ஆவது அட்சரேகையில் இரண்டாகப் பிரிந்தது. வடக்கே கம்யூனிஸ்ட் அரசு, தெற்கே அமெரிக்க ஆதரவு அரசு. 1965-ல் அமெரிக்கத் தரைப்படை நேரடியாக இறங்கியது. 1969-ல் ஐந்து லட்சத்துக்கும் மேல் அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே இருந்தார்கள். அப்புறம் நிக்சன் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கூப்பிட ஆரம்பித்தார். சண்டை போடுகிற வேலை மெதுவாகத் தென் வியட்நாம் ராணுவத்தின் தலையில் விழுந்தது. இதைப் பார்த்து ஹனோய் 1972-ல் ஒரு பெரிய தாக்குதலுக்குத் திட்டம் போட்டது. அதுக்கு ஆள் வேண்டும்.

அதுவரைக்கும் கல்லூரி மாணவர்களை அரசாங்கம் பெரும்பாலும் தொடாமல் வைத்திருந்தது. போர் முடிந்த பிறகு நாட்டைக் கட்ட டாக்டரும் இஞ்சினியரும் வாத்தியாரும் வேண்டுமே. விதைநெல் மாதிரி எடுத்து வைத்திருந்தார்கள். 1970-க்குப் பிறகு அந்த விதைநெல்லிலும் கை வைக்க வேண்டி வந்தது.

1971 செப்டம்பர் 6. ஹனோயில் பல கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் கூட்டமாகப் பட்டாளத்தில் சேர்ந்த நாள். உயிரோடு திரும்பினவர்கள் பிற்பாடு தங்களை '6971 சிப்பாய்கள்' என்றே சொல்லிக்கொண்டார்கள். 6-9-71, அந்தத் தேதிதான் அவர்கள் பேர். தாக்கும் அன்றைக்குத்தான் சேர்ந்தான். கவிஞர் ஹோவாங் நுவான் காம் என்று ஒருத்தர், அவரும் அதே தேதிக்காரர், அதே பல்கலைக்கழகம்.

*

டயரி 1971 அக்டோபர் 2-ஆம் தேதி ஆரம்பிக்கிறது. சீருடை போட்டு ஒரு மாசம்கூட ஆகவில்லை. நோட்டுக்கு அவனே ஒரு பேர் வைத்திருந்தான். தமிழில் சொன்னால் 'வாழ்க்கைக் கதை' என்று வரும். பத்தொன்பது வயசில் வாழ்க்கைக் கதை! சிரிப்பு வரும். கடைசி வரைக்கும் படித்தால் சிரிப்பு வராது.

என்ன எழுதியிருக்கிறான்? பயிற்சி, நடை, மறுபடி நடை. தங்குகிற கிராமங்கள், அங்கே இடம் கொடுத்த குடும்பங்கள். அம்மா நினைப்பு. ஒரு பெண். விட்டுவிட்டு வந்த வகுப்பறை. தான் ஒரு நல்ல சிப்பாய்தானா என்கிற சந்தேகம். இலக்கியப் பரிசு வாங்கின பையன் இல்லையா, மழையைப் பார்த்தாலும் மரத்தைப் பார்த்தாலும் ஒரு பாரா எழுதிவிடுகிறான். நடுநடுவே தன்னையே அதட்டிக்கொள்கிறான். ஊர் நினைப்பு அதிகமானால் தப்பு செய்கிற மாதிரி ஓர் உறுத்தல்.

அந்தத் தலைமுறை வட வியட்நாம் பிள்ளைகளுக்குச் சோவியத் நாவல்கள்தான் வேதம். குறிப்பாக ஆஸ்திரோவ்ஸ்கியின் நாவல், அதில் வருகிற பாவெல் கர்ச்சாகின். நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'வீரம் விளைந்தது' என்ற பேரில் தமிழில் வந்த அதே புத்தகம்தான். கெட்டி அட்டையும் மலிவு விலையுமாக மாஸ்கோ புத்தகங்கள் இங்கேயும் எத்தனை பையன்களின் தூக்கத்தைக் கெடுத்தன! நம்ம பையன்கள் படித்துவிட்டு டீக்கடையில் விவாதம் பண்ணினார்கள். அங்கே, படித்த பையன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெற்கே நடந்தான். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

'எல்லாம் மூளைச்சலவை' என்று இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. அவன் நம்பினான். நம்பின அதே நோட்டில் வீட்டை நினைத்து ஏங்கவும் செய்தான். ரெண்டும் பொய் இல்லை. போஸ்டரில் இருக்கிற வீரனுக்கு ஒரு முகம்தான். டயரி எழுதினவனுக்கு அப்படி முடியாது, நாளைக்கு ஒரு மூஞ்சி வந்துவிடும்.

1972 ஜூன் 3. டோங் லோக் என்கிற முச்சந்தி. தெற்கே போகிற சாலையில் முக்கியமான இடம். அமெரிக்க விமானங்கள் திரும்பத் திரும்பக் குண்டு போட்ட இடம். 1968 ஜூலை 24-ல் அங்கே சாலையைச் செப்பனிடுகிற வேலையில் இருந்த 10 இளம் பெண்கள் ஒரே குண்டில் செத்துப் போனார்கள். இன்றைக்கும் வியட்நாமில் அந்த ஊர்ப் பேரைச் சொன்னால் அந்தப் பத்துப் பேர்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அங்கேதான் தாக் கடைசிப் பக்கத்தை எழுதினான். எழுதி முடித்து, நோட்டை ஹனோயில் இருந்த அண்ணனுக்கு அனுப்பி வைத்துவிட்டான்.

அவ்வளவுதான் டயரி. இதுக்கு அப்புறம்தான் அவனுக்குச் சண்டை.

*

ஏன் அனுப்பினான்? கையில் வைத்துக்கொண்டால் என்ன?

இதுக்கு விடை தெரிய, கொஞ்சம் இன்னொரு போருக்குப் போய்விட்டு வரணும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியச் சிப்பாய்களுக்கு டயரி எழுதும் பழக்கம் ரொம்ப உண்டு. செத்துக் கிடந்த சிப்பாய்களின் பைகளிலிருந்து எடுத்த டயரிகளை மொழிபெயர்க்க அமெரிக்கா ஆட்களை வைத்திருந்தது. எந்தப் படைப்பிரிவு, எங்கே இருந்தது, எத்தனை பேர், அரிசி எவ்வளவு மிச்சம் என்று எல்லாம் அதில் கிடைக்குமே. அப்படி மொழிபெயர்த்தவர்களில் ஒருவர் டொனால்ட் கீன் என்கிற இளைஞர். தான் முதன்முதலில் நெருக்கமாக அறிந்த ஜப்பானியர்கள் அந்தச் செத்துப் போன டயரிக்காரர்கள்தான் என்று பிற்காலத்தில் சொன்னார். சில டயரிகளின் கடைசியில், 'இதை எடுக்கிற அமெரிக்கர் போர் முடிந்ததும் என் வீட்டில் சேர்த்துவிடவும்' என்ற பொருளில் இங்கிலீஷில் எழுதியிருக்குமாம். கீன் அப்படிப்பட்ட சிலவற்றைத் தன் மேஜையில் ஒளித்து வைத்தார். சோதனையில் அகப்பட்டு, அதெல்லாம் பறிபோய்விட்டது. பின்னாளில் அவர் ஜப்பானிய இலக்கியத்தின் பெரிய அறிஞராகி, 2019-ல் காலமாகும் வரை அந்த வருத்தம் போகவில்லை என்றே தோன்றுகிறது. தன் நினைவுக் குறிப்பில் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

வியட்நாமிலும் இதே கதைதான். கைப்பற்றின காகிதங்களைப் படிப்பதற்கென்றே சைகோனில் அமெரிக்க ராணுவம் 1966-ல் தனி மையம் வைத்தது. காகிதம் என்றால் ராணுவ உத்தரவு மட்டுமா? கடிதம், போட்டோ, பாட்டு, கவிதை, டயரி எல்லாம் வந்து குவியும். லட்சக்கணக்கான பக்கங்களை மைக்ரோஃபிலிம் எடுத்து வைத்தார்கள். பல வருஷம் கழித்து, 1994-ல், அந்தப் பிலிம்களிலிருந்து கவிதைகளை மட்டும் பொறுக்கி அமெரிக்காவில் ஒரு புத்தகமே வந்தது. எழுதினவன் காதலிக்காக எழுதினான். கிடைத்தவனுக்கு அது 'எதிரி ஆவணம்', அதுக்கு ஒரு எண்.

ஆக, போர்க்களத்துக்குள் டயரியோடு போகிறவன் தன்னோடு இன்னும் பத்துப் பேரைக் காட்டிக்கொடுக்கிற சாமானைச் சுமக்கிறான். தாக் அதை வீட்டுக்கு அனுப்பினதில் ஆச்சரியம் இல்லை. அனுப்பினதால்தான் அது பிழைத்தது. அனுப்பினதால்தான் அதில் சண்டை இல்லை.

இந்த ரெண்டு வரியைத்தான் எனக்குத் தாண்டிப் போக முடியவில்லை. நாம் கையில் எடுத்துப் படிக்கிற போர் டயரிகள் எல்லாமே ஏதோ ஒரு விபத்தால் பிழைத்தவை. மிச்சம் எல்லாம் மண்ணுக்குள்ளே, இல்லையென்றால் நெருப்பிலே.

*

அவன் போன சண்டையைப் பற்றி நமக்கு மற்றவர்கள் மூலமாகத் தெரியும்.

17-ஆவது அட்சரேகைக்குத் தெற்கே முதல் மாகாணம் குவாங் ட்ரி. 1972 மார்ச் 30-ல் வடக்குப் படை எல்லையைத் தாண்டியது. மே 1-ஆம் தேதி குவாங் ட்ரி நகரம் விழுந்தது. ஜூன் 28-ல் தென் வியட்நாம் ராணுவம் திருப்பிப் பிடிக்கக் கிளம்பியது. நகரத்தின் நடுவே 19-ஆம் நூற்றாண்டில் அரசர்கள் கட்டின ஒரு கோட்டை. அகழி, செங்கல் மதில். அந்தச் சின்னக் கோட்டைக்காக 81 நாள் சண்டை. மேலே அமெரிக்க பி-52 விமானங்கள், கடலிலிருந்து கப்பல் பீரங்கி. செப்டம்பர் 16-ல் தென் வியட்நாம் கடற்படைச் சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்துக் கொடி ஏற்றினார்கள். அதுக்குள் நகரம் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை.

இவ்வளவு சின்ன இடத்துக்கு ஏன் இப்படி? பாரிஸில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. குவாங் ட்ரி யார் கையில் என்பது அந்த மேஜையில் எடை போடப்பட்டது. ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. கோட்டைக்குள் இருந்தவர்களுக்குச் சோறு, மருந்து, ஆள் எல்லாம் ராத்திரியில் தாச் ஹான் நதியைத் தாண்டித்தான் வரணும். நதியைத் தாண்டும்போதே போனவர்கள் ஏராளம்.

தாக் 1972 ஜூலை 30-ல் அங்கே உயிரிழந்தான். 81 நாளில் அது 33-ஆவது நாள். கடைசி டயரிப் பக்கத்துக்குப் பிறகு 57 நாள். இருபதாவது பிறந்த நாளுக்கு இன்னும் 76 நாள் இருந்தது.

அந்த 57 நாளில் அவன் மனசுக்குள் என்ன ஓடியிருக்கும்? டயரியில் இருந்த நம்பிக்கை கோட்டைப் பக்கம் போனதும் அப்படியே இருந்ததா? நொறுங்கிப் போச்சா? இன்னும் கெட்டியாச்சா? யாரும் சொல்ல முடியாது. சொல்கிறவர்கள் எல்லாம் தங்கள் ஆசையைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தக் கோட்டைக்குள்ளிருந்தே எழுதப்பட்ட ஒரு காகிதம் பிழைத்து வந்திருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். லே வான் ஹுயின் என்கிற மாணவர். ஹனோய் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர், கல்யாணம் ஆகி ரொம்ப நாள் ஆகாதவர். 1972 செப்டம்பர் 11-ல் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். தான் திரும்பப் போவதில்லை என்பதை ஒரு தகவல் மாதிரி சொல்கிறார். அம்மாவுக்கு ஆறுதல். மனைவிக்கு, வேறு வாழ்க்கை அமைத்துக்கொள் என்று அனுமதி. அதுக்கப்புறம் வழி. ரயில் ஏறி எங்கே இறங்கணும், நதியை எந்தப் பக்கம் தாண்டணும், எந்தக் கிராமம், புதைத்த இடத்துக்கு என்ன அடையாளம். தன் சொந்தக் கல்லறைக்குத் தானே வழி எழுதிக் கொடுத்திருக்கிறார்!

அவர் இறந்தது 1973 ஜனவரி 2. பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது ஜனவரி 27. இருபத்தஞ்சே நாள். 2002-ல் குடும்பத்தார் அந்தக் கடிதத்தில் இருந்த வழியைப் பிடித்துக்கொண்டு போய் அவர் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். காகிதம் சொன்ன இடம் சரியாக இருந்தது.

*

சரி, எல்லா டயரியும் வீட்டுக்கு அனுப்பப்பட்டதா என்ன? எதிரி கையில் போய்ப் பிழைத்ததும் உண்டு.

டாங் துய் ட்ராம் ஒரு டாக்டர். 1942-ல் பிறந்தவர், ஹனோய்க் குடும்பம், அப்பா அறுவை மருத்துவர். 1966-ல் படிப்பு முடித்ததும் தெற்கே போய், குவாங் நை மாகாணத்தில் டுக் ஃபோ மலைப் பக்கம் வட தரப்புக் காயம்பட்டவர்களைக் கவனிக்கிற ஒரு மறைவு ஆஸ்பத்திரியை நடத்தினார். கிடைத்திருக்கிற டயரி 1968 ஏப்ரல் 8-ல் ஒரு குடல்வால் ஆபரேஷனோடு ஆரம்பிக்கிறது. மயக்க மருந்து போதுமான அளவு இல்லாமல் செய்த ஆபரேஷன். முடிவது 1970 ஜூன் 20. சாப்பாடு தீர்ந்து, நகர முடியாத காயக்காரர்களோடு காத்திருந்த நேரம். ரெண்டு நாள் கழித்து அமெரிக்கச் சிப்பாய்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயசு 27.

அந்தப் பகுதியில் ராணுவ உளவுப் பிரிவில் இருந்த ஃப்ரெட் ஒயிட்ஹர்ஸ்ட் என்கிற இளைஞருக்குப் பிடிபட்ட காகிதங்களைப் பிரிக்கிற வேலை. உபயோகம் இல்லாததை எரித்துவிடணும். ஒரு நாள் எரித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய வியட்நாமிய மொழிபெயர்ப்பாளர் ஹியூ ஒரு சின்ன நோட்டைப் புரட்டிவிட்டு, இதை எரிக்காதே, இதுக்குள்ளேயே நெருப்பு இருக்கு என்று தடுத்தாராம். ஹியூ யார் தெரியுமா? தென் வியட்நாம் ராணுவத்து சார்ஜென்ட். அதாவது அந்த டாக்டருக்கு எதிர்த் தரப்பு. அப்புறம் சாயங்காலங்களில் ஹியூ வாசித்துச் சொல்ல, ஒயிட்ஹர்ஸ்ட் கேட்பார். இன்னொரு நோட்டும் பிற்பாடு கிடைத்தது. விதிமுறைக்கு விரோதமாக ரெண்டையும் அமெரிக்காவுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் அவர் எஃப்.பி.ஐ.யில் வேதியியல் நிபுணரானார். 35 வருஷம் அந்த நோட்டுகள் அவரிடமே இருந்தன. ஒருவழியாக 2005-ல் டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் வியட்நாம் காப்பகத்தில் கொடுத்தார். அங்கே சந்தித்த ஒரு புகைப்படக்காரர் வியட்நாம் போகிறேன் என்றதும், ஒரு சி.டி.யில் பக்கங்களைப் பதிந்து கொடுத்தனுப்பினார். அந்த ஏப்ரல் மாசமே, ஹனோயில் 81 வயசு அம்மாவின் கைக்கு மகளின் கையெழுத்து வந்து சேர்ந்தது. எந்தப் பட்டாளம் மகளைக் கொன்றதோ, அதே பட்டாளத்துச் சிப்பாய் பத்திரமாக வைத்திருந்த கையெழுத்து. அந்த அம்மா அவரைத் திட்டவில்லை. ஆகஸ்டில் அவர் ஹனோய் போனபோது வீட்டுப் பிள்ளை மாதிரிச் சேர்த்துக்கொண்டார்.

*

தாக்கின் டயரியும் ட்ராமின் டயரியும் புத்தகமாக வந்தது ஒரே வருஷம், 2005. தாக்கின் நோட்டுக்குப் பதிப்பாளர்கள் வைத்த பேர், 'என்றென்றும் இருபது வயது' என்று அர்த்தம் வருகிற மாதிரி. ரெண்டும் அங்கே லட்சக்கணக்கில் விற்றன. போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அரசாங்கமும் சும்மா இருக்குமா? இவர்களைப் போல வாழுங்கள் என்று இளைஞர்களுக்குப் பிரச்சாரமே நடந்தது. ட்ராமின் கதை 2009-ல் சினிமாவானது. 2012-ல் வந்த 'எரியும் புல்லின் வாசம்' என்கிற படம் குவாங் ட்ரிக்குப் போன நாலு ஹனோய் மாணவர்களைப் பற்றியது. திரைக்கதை எழுதினது யார்? மேலே சொன்ன அதே ஹோவாங் நுவான் காம். கூடச் சேர்ந்து, கூடப் போய், உயிரோடு திரும்பி, 2021 வரைக்கும் வாழ்ந்தவர்.

பிரச்சாரம் இருக்கட்டும். அந்தப் பிள்ளைகள் அதுக்காகவா வாங்கினார்கள்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்து வீரர்களை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். தங்கள் வயசில் ஒருத்தன் பயந்து, ஏங்கி, தன்னையே அதட்டிக்கொண்டு போனதை முதல் தடவையாகப் பார்த்திருப்பார்கள்.

ஆனால் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையை முடித்தால் பாதிக் கதைதான்.

குவாங் ட்ரியில் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சுட்டவனும் வியட்நாமியப் பையன்தான். சைகோனிலிருந்தோ, மெகாங் டெல்டாவில் ஏதோ ஒரு வயல்காட்டிலிருந்தோ வந்தவன். அவனுக்கும் அம்மா இருந்தாள், கடிதம் எழுத ஒரு பெண் இருந்தாள். அவர்களிலும் டயரி எழுதினவர்கள் இருந்திருப்பார்கள், ஏன் இல்லாமல்? அந்த நோட்டுகள் எங்கே?

1975 ஏப்ரல் 30-ல் சைகோன் விழுந்தது. அதை ஒட்டிய நாட்களில் தெற்கே எத்தனையோ வீடுகளில் அடுப்பு வேறு வேலை பார்த்தது. மகனின் சீருடைப் போட்டோ, அடையாள அட்டை, கடிதம், எல்லாம் நெருப்புக்குப் போனது. வீட்டில் இருந்தால் ஆபத்து. எதிரி எரிக்கவில்லை, பெற்றவர்களே எரித்தார்கள். எரிக்காதே என்று தடுக்க அங்கே ஒரு ஹியூ இருக்கவில்லை. இருந்திருந்தால் அவரும் தன்னுடையதை எரித்துக்கொண்டிருந்திருப்பார். செத்துப் போன தெற்குச் சிப்பாய்கள் கிடக்கிற பியன் ஹோவா மயானம்கூட 2006 வரைக்கும் ராணுவக் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. குடும்பத்தார் நினைத்தபடி போய் ஊதுபத்தி ஏற்ற முடியாத நிலை.

ஆக, ஒரு டயரி பிழைக்க அதை எழுதினவன் நல்லா எழுதினால் மட்டும் போதாது. அனுப்ப ஒரு அண்ணன் வேணும், இல்லாவிட்டால் மனசாட்சி உள்ள ஒரு எதிரி வேணும். எல்லாத்துக்கும் மேலே, அவன் பக்கம் ஜெயிச்சிருக்கணும். தாக்கின் டயரியைப் படிக்கிறபோது அந்தப் பையன் மேல் வருகிற பிரியத்தை, பேரே தெரியாத அந்த இன்னொரு பையனுக்கும் கொஞ்சம் ஒதுக்கி வைக்கணும் என்று நினைக்கிறேன். தாக்குக்கு அதில் ஆட்சேபணை இருந்திருக்குமா? தெரியாது. பத்தொன்பது வயசில் இருந்திருக்கலாம். ஐம்பது வயசில் என்ன சொல்லியிருப்பான் என்பதைத்தான் கேட்க முடியாமல் போய்விட்டது.

குவாங் ட்ரி கோட்டை இப்போது புல்லும் மரமுமாக ஒரு நினைவிடம். உள்ளே தனித்தனிக் கல்லறை கிடையாது. யாருடைய எலும்பு எங்கே என்று பிரிக்க முடியாததால் மண் முழுக்கவே ஒரே சமாதி என்று விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு ஜூலை 27-ஆம் தேதியும் வீரர் நினைவு நாள். அதை ஒட்டி ராத்திரியில் தாச் ஹான் நதியில் விளக்குகளைப் பூவோடு மிதக்க விடுவார்கள். மூணு நாள் கழித்து ஜூலை 30, தாக்கின் நினைவு நாள். தண்ணீரில் போகிற விளக்குக்கு எந்தப் பக்கத்துப் பையன் என்று தெரியாது என்பதில் எனக்கு ஒரு சின்ன நிம்மதி.

பரண்மேல் இருக்கிற என் பழைய டயரிகளை நேற்று இறக்கிப் பார்த்தேன். ஜனவரி 12-க்கு மேல் எல்லாம் வெள்ளைப் பக்கம். சோம்பேறித்தனத்தால் காலியாகப் போன பக்கங்கள். அப்படிக் காலியாக விடுவதற்கும் ஒரு கொடுப்பினை வேணும் போல.